பின்வரிசைப் படக்கடை, சுங்கை சிப்புட்: மூலை சுத்தம், ஒட்டுநாடா வேண்டாம்

சட்டம் வெட்டி மூலை சேர்ப்பதில் இந்தக் கடைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பழைய படத்தைக் கையாள்வதில் பாதிதான். சொன்ன தேதிக்குக் கொடுப்பதில் அதுவும் தேறாது. இருந்தும், சட்டம் போடப் படம் எதுவும் இல்லாதவர்கள்கூட ஒரு தடவை உள்ளே போய் இடப்பக்கச் சுவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். தோட்டப்புறத்துத் தமிழர் வீடுகளில் என்ன மாதிரி ஓவியங்கள் தொங்கின என்று தெரிந்துகொள்ள இவ்வளவு நல்ல இடம் சுலபத்தில் கிடைக்காது.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பெரிய சாலைக்குப் பின்னால் உள்ள கடைவரிசையில் இருக்கிறது. பெயர்ப்பலகை வெளுத்துவிட்டது, வாசலில் சாய்த்து வைத்திருக்கும், சட்டம் செய்கிற மோல்டிங் கம்புகள்தான் அடையாளம். பாசார் கூட்டம் கலையும் வரை காடி நிறுத்த இடம் கிடைக்காது, ஆகையால் பிற்பகலில் போவது நல்லது. அந்த நேரத்தில் வெயில் நேராக அந்தச் சுவரில் விழும். பார்க்கிறவர்களுக்கு வசதி, படங்களுக்குக் கேடு. மேல்வரிசை லட்சுமியும் சரஸ்வதியும் நீலமாகவே ஆகிவிட்டார்கள். அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும் வெளிச்சம் பட்டால் முதலில் போய்விடும். நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கும். நீலத் தாமரையில் நீல முகத்தோடு, கையிலிருந்து நீலக் காசு கொட்டும் அந்த லட்சுமியை எந்த ஓவியரும் திட்டமிட்டு வரைந்திருக்க முடியாது. ஆனால் எதிரே நின்றால் நகர மனம் வருவதில்லை.

சுவரில் இருப்பவை பெரும்பாலும் வாங்க ஆள் வராத படங்கள். சட்டம் போடக் கொடுத்துவிட்டு மறந்தவை, வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போனவை. ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் தாமான் குடியிருப்பாகவும் மாறியபோது லயத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கு, இரண்டடி உயர மாரியம்மனைத் தொங்கவிடச் சுவர் இல்லை. அப்படித்தான் பல நல்ல படங்கள் குப்பைக்குப் போயின. சில இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

எல்லாவற்றிலும் அபூர்வமானது நடுவில் தொங்கும் முனியாண்டி. ஹார்ட்போர்டு மேல் எனாமல் சாயத்தில் வரைந்தது. ரப்பர் மரத்தடியில் சுருட்டோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகள். வரைந்தவர் விளம்பரப்பலகை எழுதிப் பழகியவர் என்பது கோட்டிலேயே தெரிகிறது: மீசை, புருவம், அரிவாளின் விளிம்பு எல்லாம் எழுத்து எழுதுவதுபோல் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வந்திருக்கின்றன. முகம் நேராகவும் பாதங்கள் இரண்டும் ஒரே பக்கம் திரும்பியும் இருக்கின்றன. உடற்கூற்றுப்படி அது தவறு; படத்துக்கு அதுதான் பலம். மரத்தைக் கவனியுங்கள். வெட்டு இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரிகிறது, அதன் முனைக்கு நேர்க்கீழே பால் பிடிக்கும் மங்கு இருக்கிறது. பால் மரம் வெட்டும் முறை அதுதான். அது தெரிந்தவர் கைதான் இப்படி வரையும்.

அதற்கு அடுத்தது, கையால் வண்ணம் தீட்டிய தம்பதி படம். இருவரும் ஒரே நேரத்தில் ஸ்டூடியோவில் உட்கார்ந்தவர்கள் அல்ல. கணவருக்கு நிழல் இடப்பக்கம், மனைவிக்கு வலப்பக்கம். தனித்தனிப் படங்களை வெட்டி ஒட்டி, மறுபடி படமெடுத்து, அதன்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். துணையை இழந்தவர்களுக்காக அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் செய்து கொடுத்த வேலை இது. நாற்காலிக் கைப்பிடியில் இருக்கும் கணவருடைய வலக்கை, புகைப்படம் அல்ல, முழுக்கத் தூரிகை வேலை. சேலைக் கரையில் தங்கச் சாயம். உதட்டுச் சிவப்பு கொஞ்சம் கோட்டைத் தாண்டியிருக்கிறது. சேர்ந்து படமெடுக்காத இருவரை ஒரு மேசைக்கு இருபுறமும் உட்கார வைத்த அந்தக் கையைப் பாராட்ட வார்த்தை போதாது.

ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் மாலை வாங்கும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றும் இருக்கிறது. அவர் பிறந்த ஊர், நெடுங்காலம் அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தொகுதி என்பதால் இந்த ஊர்ப் பழைய வீடுகளில் அப்படி ஒரு படம் இருப்பது வழக்கம். சட்டத்தைக் கழற்றினால் பின்னால் எழுதியிருக்கும் தேதியும் தோட்டத்தின் பெயரும் முன்பக்கத்தைவிட விலைமதிப்பானவையாக இருக்கலாம்.

இனி குறைகள். ரசீதில் கொடுத்தவர் பெயர் இருக்காது. படத்தின் அடையாளம்தான் இருக்கும்: "மஞ்சள் சட்டை தாத்தா", "மூணு புள்ள ஒரு ஆடு", "கோவமான மாரியம்மா", "யூனிவர்சிட்டி, பல் தெரியுது". படிக்கச் சிரிப்பு வரும், வாங்கப் போகும் நாளில் வராது. ஒரே சிவகாசி அச்சு லட்சுமி இரண்டு வீடுகளிலிருந்து வந்திருந்தால் எது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுக்கும் முன் படத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் அடையாளம் எழுதுவதென்றால் மெல்லிய பென்சிலால் ஓரத்தில் மட்டும்; பால்பாயிண்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். தொலைபேசியை எடுக்க மாட்டார்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டால் குரல்பதிவில் பதில் வரும், அதில் பாதி ரம்பச் சத்தம்.

ஆனால் இதே கடையில்தான் இதையும் கேட்கலாம். குடும்பப் படத்தைக் கொண்டுவந்து, "அண்ணே, இந்த ஓரத்துல நிக்கிற மாமாவ வெட்டிடுங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. கடைக்காரர் வெட்டுவதில்லை. "மறைச்சு வைக்கிறேன்மா. சண்ட தீர்ந்தா கொண்டாங்க, ஜன்னலைப் பெருசாக்கித் தர்றேன்" என்பார். படத்தைச் சுற்றிக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் மவுண்ட் அட்டையின் ஜன்னலை இரண்டு அங்குலம் சுருக்கினால் மாமா அட்டைக்கு அடியில் பத்திரமாக இருப்பார். படச்சட்டத் தொழிலில் இதைவிட நல்ல விதி கிடையாது.

அந்த விதியைச் சாமி படங்களுக்கு மட்டும் இவர்கள் கடைப்பிடிப்பதில்லை என்பதுதான் பெரிய வருத்தம். தயாராக இருக்கும் சட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அச்சுப் படத்தின் வெள்ளை ஓரத்தைக் கத்தியால் சீவிவிடுகிறார்கள். சுவரில், வள்ளி தெய்வானையோடு ஜரிகையும் ஜிகினாவும் பாசியும் ஒட்டி அலங்கரித்த முருகன் இருக்கிறார். துணி வேலை அற்புதம். மயிலின் கழுத்தில் மட்டும் மூன்று வகைப் பச்சை. எந்த அச்சகத்தில் அடித்தது, யார் வரைந்தது என்ற விவரம் ஓரத்தோடு போய்விட்டது. மும்பையில் 1894இல் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தின் படங்களிலும், கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976), அவருடைய சீடர்கள் ஆகியோரின் படங்களிலும் பெயரும் தலைப்பும் தேடவேண்டிய இடம் கீழ் ஓரமும் கீழ்மூலையும்தான். அரை அங்குலம் சீவினால் படத்தின் பிறப்புச் சான்றிதழே குப்பைத் தொட்டிக்குப் போகிறது. "ஓரம் வெட்டக் கூடாது" என்று வாயால் சொன்னால் போதாது. ரசீதில் எழுத வைத்து, நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். சட்டம் படத்துக்குப் பொருந்த வேண்டும், படத்தைச் சட்டத்துக்குப் பொருத்துகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அளவு சொல்வது எப்படி என்று தெரிந்துகொண்டு போனால் விலையிலும் குழப்பம் வராது. மோல்டிங்குக்கு அடிக் கணக்கில் வெள்ளி. 12க்கு 16 அங்குலப் படம், சுற்றிலும் 2 அங்குல மவுண்ட் என்றால் 16க்கு 20 ஆகிறது. சுற்றளவு 72 அங்குலம். ஒவ்வொரு மூலையிலும் 45 டிகிரியில் வெட்டுவதால் கம்பின் அகலத்தைப்போல் எட்டு மடங்கு கூடுதலாகப் போகும். ஒன்றரை அங்குலக் கம்புக்கு 12 அங்குலம். மொத்தம் 84, அதாவது 7 அடி. இதைவிட ஓர் அடி கூடுதலாகக் கணக்குப் போட்டால் கேள்வி கேட்கலாம், அதற்குள் என்றால் நியாயம்தான்.

மூலை வேலை உண்மையிலேயே உயர்தரம். கம்பை வெட்டியவுடன் சேர்க்காமல் எதிரெதிர்ப் பக்கங்களை முதுகோடு முதுகாக வைத்து நீளம் சரிபார்க்கிறார்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் நான்காவது மூலை வாய் திறந்துவிடும். பிறகு வெள்ளைப் பசை, பின்பக்கத்திலிருந்து வி வடிவ ஆணி இரண்டு. வேறு இடங்களில் வெறும் ஆணி அடித்து மெழுகால் பூசி மறைப்பார்கள். மழைக்காலத்தில் மரம் ஊறி, வெயில் வந்து சுருங்கும்போது அந்த மெழுகு வெள்ளைக் கோடாகத் தெரியும். இங்கே செய்த சட்டத்தில் விரல்நகத்தை ஓட்டிப் பாருங்கள், மூலையில் தட்டாது.

மரமா பாலிஸ்டைரீனா என்று கேட்பார்கள். தங்க நிறத்தில் மலிவாகக் கிடைப்பது பாலிஸ்டைரீன். கரையான் தொடாது, ஈரம் குடிக்காது. கூடத்துக்கு அது போதும். சாமி மேடைக்கு வேண்டாம்: சுமார் 100 டிகிரி சூட்டில் அது இளகிவிடும், விளக்குச் சுடரும் கற்பூரத் தட்டும் பக்கத்தில் வந்தால் கீழ்க்கம்பு வளையும். மரம் எடுத்தால் பின்பக்கமும் வார்னிஷ் அடித்துத் தரச் சொல்லுங்கள். கேட்டால்தான் அடிப்பார்கள்.

அடுத்தது கண்ணாடி. பழைய படங்கள் கெடுவதற்குக் கரையானைவிடப் பெரிய காரணம் கண்ணாடியோடு படம் நேராகத் தொட்டுக்கொண்டிருப்பது. நம் நாட்டில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். 65ஐத் தாண்டினாலே பூசணத்துக்குக் கொண்டாட்டம். இரவில் கண்ணாடி குளிர்ந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். புகைப்படத்தின் மேலுள்ள ஜெலட்டின் அந்த ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மவுண்ட் அட்டை அழகுக்கு மட்டும் அல்ல. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி கொடுப்பதுதான் அதன் முதல் வேலை. மவுண்ட் வேண்டாம் என்றால் கண்ணாடி ஓரத்தில் மெல்லிய அட்டைப் பட்டையாவது வைக்க வேண்டும். ஜரிகை, பாசி ஒட்டிய படத்துக்கு இன்னும் ஆழம் தேவை. கண்ணாடி 2 மிமீ, அலங்காரம் 5, தாங்கும் அட்டை 1.5, பின்பலகை 3; ஆக 11.5 ஆகிறது. சாதாரணக் கம்பின் உள்பள்ளம் 10 மிமீதான் இருக்கும். 15 மிமீ பள்ளமுள்ள கம்பு உள்ளே அடுக்கில் இருக்கிறது, வாசலில் வைப்பதில்லை. கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பலகையை அழுத்தி ஆணி அடிக்கும்போது பாசி நசுங்கிப் படத்திலேயே பள்ளம் விழும்.

படத்தை அட்டையோடு பிடிக்க இருபக்க ஒட்டுநாடா போடுகிறார்கள். இதுதான் தலைப்பில் சொன்ன குறை. சில ஆண்டுகளில் அதன் பசை எண்ணெயாகக் கசிந்து தாளில் பழுப்புத் தடம் விடும். தடம் முன்பக்கம் வரை வந்துவிட்டால் போக்குவது மிகக் கடினம். தெளிப்புப் பசையும் வேண்டாம், சூடான லேமினேஷன் கூடவே கூடாது. மிகச் சுலபமான மாற்று, காகித மூலைகள்: அமிலமில்லாத தாளை மடித்து முக்கோணப் பை செய்து, படத்தின் நான்கு மூலைகளையும் அதில் செருகி, பையை மட்டும் அட்டையில் ஒட்டுவது. படத்தில் ஒரு துளி பசையும் படாது. சுற்றிலும் 2 மிமீ விட்டுச் செருகினால் தாள் ஈரத்தில் விரிந்தாலும் அலையடிக்காது. அமிலமில்லாத அட்டை கடையில் எப்போதும் இருப்பதில்லை. ஈப்போவில் ஓவியப் பொருள் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தால் முகம் சுளிக்காமல் செய்து தருகிறார்கள். கேட்டதைச் செய்வதில் குறை சொல்ல முடியாது, கேட்காததைச் செய்ய மாட்டார்கள்.

பழைய சட்டத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பின்பலகையாக அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டிப் பலகை, பிஸ்கட் தகரம், கைக்குக் கிடைத்ததெல்லாம் வைத்தார்கள். இடுக்கில் அடைத்திருக்கும் தாள் பழைய தமிழ் நேசனாக இருக்கலாம். தோட்டத்து வேலையாட்களின் வருகையைப் பதியும் செக்ரோல் தாளாகவும் இருக்கலாம். நாளிதழின் தேதி, படம் அச்சான காலத்தைச் சொல்லாது. எப்போது சட்டம் போட்டார்கள் என்பதைத்தான் சொல்லும். அதுவும் வீட்டு வரலாறு என்பதால் தூக்கிப் போட விடாதீர்கள், தனி உறையில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி படத்தோடு சேர்த்து வைக்கவும் வேண்டாம். நாளிதழின் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும், பழைய மாவுப் பசைக்கு ராமபாணப் பூச்சி வரும்.

படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்கச் சம்மதிக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். முதல் பாதுகாப்பு அதுதான். நீரில் ஊறவைத்துப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு, ஆனால் அது பயிற்சி பெற்றவர் வேலை. கையால் வண்ணம் தீட்டிய படத்தை நீரில் போட்டால் வண்ணம் போய்விடக்கூடும். பிரிக்க முடியாததைக் கண்ணாடியோடேயே புதுச் சட்டத்தில் வைக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது கைத்தொலைபேசிச் செயலியில் பழைய படத்தைப் "புதுசாக்கி" அச்சடித்துக் கொடுப்பதும் இந்தக் கடையில் நடக்கிறது. வாடிக்கையாளருக்குப் பிடிக்கிறது, வருமானமும் வருகிறது. ஆனால் அந்தச் செயலிகள் மூக்குத்தியை அழுக்கென்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும், பாட்டி கையில் குத்திய பச்சையைக் கறையென்று துடைத்துவிடும், தெரியாத இடத்தில் புதுப் பல்லை வைத்துவிடும். வேண்டுமென்றால் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் தொங்க வேண்டியது மூலப்படம்; நகலை அதன் இடத்தில் வைத்துவிட்டு மூலத்தை அலமாரிக்கு அடியில் போடுகிற வீடுகளைப் பார்த்தால் மனம் வேகிறது.

சாமி படத்துக்கு ஒரு தனி ஏற்பாடு கேட்டு வாங்குங்கள். நாம் கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம், வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைக்கிறோம். அந்த நீர் வழிந்து கீழ்க்கம்பின் பள்ளத்தில் தேங்கி, தாளில் மேல்நோக்கி ஏறும். பழைய முருகன், மாரியம்மன் படங்களில் பாதம் மட்டும் பழுத்து அரித்துப் போயிருப்பதற்கு இதுதான் காரணம். கண்ணாடி, மவுண்ட், தாங்கும் அட்டை மூன்றையும் நான்கு விளிம்பிலும் சேர்த்து நாடா சுற்றி ஒரே கட்டாக்கிய பிறகு சட்டத்துக்குள் இறக்கினால் நீர் உள்ளே போகாது. இந்த இடத்தில் ஒட்டுநாடா படத்தைத் தொடாததால் கெடுதல் இல்லை. துடைப்பவர்கள் துணியை நன்றாகப் பிழிந்து கீழிருந்து மேலாகத் துடைக்க வேண்டும். மாலை போடுவதற்குச் சட்டத்தின் மேல்கம்பில் ஆணி அடித்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம், மூலை பிளக்கும். மாலைக்குச் சுவரில் தனிக் கொக்கி போட்டுக்கொள்ளலாம். சட்டத்தின் பின்னால் கீழ்மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொத்தான் ஒட்டித் தரச் சொல்லுங்கள், சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும்.

வாங்கப் போகும்போது படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். ரம்பம் ஓடும் மேசைக்குப் பக்கத்திலேயே விசிறி சுழல்வதால் மரத்தூள் கண்ணாடிக்கு உள்ளே சிக்கியிருக்கும். அங்கேயே பிரித்துத் துடைத்துக் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள்; வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால் மறுபடி வரிசை. காடியில் கண்ணாடி கீழே பார்க்கப் படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கொண்டுபோங்கள், வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

முனியாண்டியை விலைக்குக் கேட்டால் கடைக்காரர் கொடுக்க மாட்டார். உரியவர் வருவார் என்பார். நீல லட்சுமியை மட்டுமாவது வெயில் படாத எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொல்லிப் போகிறவர்கள் எல்லாரும் கேளுங்கள். தீபாவளிக்குப் படம் வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்து, அவர் சொல்லும் தேதியோடு இரண்டு வாரம் சேர்த்துக் கணக்கு வையுங்கள். பட்டமளிப்பு விழாக் காலத்தில் பழைய படம் எதையும் கொடுக்காதீர்கள்; அந்த வாரங்களில் அவசர வேலைதான் நடக்கும், ஓரம் சீவப்படுவதும் அப்போதுதான்.